எங்கள் தெருவின் ஓட்டு

2019 ஏப்ரல் 16ஆம் தேதி இரவு ஆண்டிபட்டியில் துப்பாக்கி வெடித்தது. பிரச்சாரம் அன்று மாலைதான் ஓய்ந்திருந்தது. டி.டி.வி.தினகரனின் அ.ம.மு.க. அலுவலகம் இருந்த கட்டடத்துக்குள் பறக்கும் படையும் வருமான வரித் துறையும் நுழையப் போக, அங்கிருந்தவர்கள் மறிக்க, தள்ளுமுள்ளாகி, போலீஸ் வானத்தைப் பார்த்துச் சுட்டது. உள்ளே கட்டுக்கட்டாகப் பணம். கட்டுகளின் மேல் வார்டு எண்ணும் அந்த வார்டின் ஓட்டுக் கணக்கும் எழுதியிருந்ததாகவும், ஓட்டுக்கு 300 ரூபாய் வீதம் மொத்தம் 1 கோடியே 48 லட்சம் என்றும் வருமான வரித் துறை சொன்னது. பணம் யாருடையது என்பதில் குற்றச்சாட்டும் மறுப்பும் பல நாள் ஓடின. அதே நாளில்தான் பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி வேலூர் மக்களவைத் தேர்தலை ரத்து செய்தார்கள். ஆண்டிபட்டியை ரத்து செய்யவில்லை. 18ஆம் தேதி காலையில் ஊர் வரிசையில் நின்றது.

அன்றைக்கு வரிசையில் நின்றவர்களோடு பேசியபோது துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. பணத்தைப் பற்றியும் பேச்சில்லை, அது இந்த ஊருக்குப் புதிதல்ல. கட்டின்மேல் எழுதியிருந்த வார்டு எண்தான் பேச்சாக இருந்தது. நம் வார்டில் எத்தனை ஓட்டு, எந்தத் தெருவில் எத்தனை வீடு, யார் வீட்டில் எத்தனை தலை என்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். வாங்கியவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார், வாங்காதவரும் இருக்கிறார். தேர்தல் முடிந்தபின் இந்தக் கணக்குநோட்டு எங்கே போகும் என்ற கேள்வியில்தான் பயம் தொடங்குகிறது.

ஆண்டிபட்டிக்குத் தேர்தல் என்பது பெரிய பெயர்களோடு பழகிய விஷயம். 1984 டிசம்பரில் எம்.ஜி.ஆர். புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருக்க, இங்கே ஒரு நாள்கூடப் பிரச்சாரத்துக்கு வராமல் ஜெயித்தார். இந்திரா காந்தி கொலையுண்டு இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். எம்.ஜி.ஆர். உயிரோடுதான் இருக்கிறார் என்று காட்ட மருத்துவமனையில் எடுத்த படத்தை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் ஜெயலலிதா இங்கே நின்று வென்றார், 2006இலும் இதே தொகுதிதான். அந்தத் தேர்தல்களில் ஊர் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும், அவர்களும் அதை மறைத்ததில்லை. டீக்கடையில் வம்புக்கு இழுப்பார்கள், அவ்வளவுதான்.

2019 அப்படிப்பட்டதல்ல. 2017 செப்டம்பரில் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்த 18 சட்டமன்ற உறுப்பினர்களில் ஆண்டிபட்டியின் தங்க தமிழ்ச்செல்வனும் ஒருவர். ஒன்றரை ஆண்டுக்கு மேல் தொகுதிக்கு உறுப்பினரே இல்லை. அதுவரை ஒரே கொடிக்குக் கீழே நின்று ஒரே அம்மா படத்துக்கு மாலை போட்ட வீடுகள் இரண்டாகப் பிரிந்தன. இரட்டை இலை ஒரு பக்கம், அ.ம.மு.க.வின் பரிசுப் பெட்டி ஒரு பக்கம், உதயசூரியன் ஒரு பக்கம். வேறு கட்சிக்காரனோடு சண்டை போட்டுப் பழகியவர்களுக்கு, நேற்றுவரை கூடவே போஸ்டர் ஒட்டியவனைத் துரோகி என்று சொல்வது புதுப் பழக்கம். அந்தச் சொல் வாயிலிருந்து வந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. மக்களவைக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என ஒரே நாளில் இரண்டு ஓட்டு. மக்களவைக்கு அப்போதைய துணை முதல்வர் ஓ.பன்னீர்செல்வத்தின் மகன் ஓ.ப.ரவீந்திரநாத் குமார், காங்கிரஸின் ஈ.வெ.கி.ச.இளங்கோவன், அ.ம.மு.க.வில் தங்க தமிழ்ச்செல்வன். சட்டமன்றத்துக்கு தி.மு.க.வில் ஆ.மகாராஜன், அ.தி.மு.க.வில் ஆ.லோகிராஜன். இருவரும் கூடப்பிறந்தவர்கள், அண்ணனும் தம்பியும்.

இதை அன்றைக்குப் பத்திரிகைகள் ஒரு சுவையான செய்தியாக எழுதின. ஊரில் இருப்பவர்களுக்கு அதில் சுவை ஒன்றுமில்லை. அண்ணன் தம்பி எதிரெதிர் கட்சியில் இருப்பது இந்தப் பக்கத்தில் அதிசயமுமில்லை. ஆனால் இரண்டு வேட்பாளருக்கும் ஒரே சொந்தக்காரர்கள், ஒரே குலசாமி, ஒரே பங்காளி வகையறா. யார் வீட்டு வாசலில் எந்த வேன் நின்றது என்று இரு தரப்பும் பார்த்துக்கொண்டிருக்கும். "ரெண்டு பேருமே நம்ம பிள்ளைகதான்" என்று பெரியவர்கள் சொல்லித் தப்பித்தார்கள். சொன்னவருக்கும் ஒரு ஓட்டுதான், அது ஒருவருக்குத்தான் விழும்.

ஓட்டுப் பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் 35 நாள். நாடு முழுக்க ஏழு கட்டமாக நடந்த தேர்தலில் தமிழ்நாடு இரண்டாம் கட்டம். மற்றவர்கள் ஓட்டுப் போட்டு முடிக்கும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டும். அந்த 35 நாளைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. வெற்றி தோல்வி தெரிந்த பிறகு வரும் பகையை எப்படியாவது சமாளித்துவிடலாம், அதற்கு ஒரு முகம் இருக்கிறது. முடிவு தெரியாமல் காத்திருக்கிற நாட்களில் யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வருகிறது.

மே மாதம் முதல் வாரம் கோவையிலிருந்து 50 வாக்குப்பதிவு இயந்திரங்கள் தேனி தாலுகா அலுவலகத்துக்கு வந்திறங்கின. மறுவாக்குப்பதிவு வந்தால் தேவைப்படும் என்றார்கள் அதிகாரிகள். யாருக்கு மறுவாக்குப்பதிவு, யார் கேட்டார்கள் என்று கட்சிக்காரர்கள் அலுவலக வாசலில் திரண்டார்கள். பிறகு பாலசமுத்திரத்திலும் வடுகபட்டியிலும் மே 19 அன்று மறுபடியும் ஓட்டுப் போடச் சொன்னார்கள். அதற்குள் குச்சனூரில் ஒரு கோயில் கல்வெட்டில் ரவீந்திரநாத் குமாரின் பெயர் 'தேனி நாடாளுமன்ற உறுப்பினர்' என்றே பொறிக்கப்பட்டிருந்தது செய்தியானது. எண்ணிக்கைக்கு இன்னும் சில நாள் இருந்தது. கல்லை மூடினார்கள். மூடினாலும் கண்ட கண்ணை மூட முடியுமா? எல்லாம் முடிவு பண்ணியாச்சு என்று ஒரு தரப்பு சொல்ல, தோற்கப் போறவன் பேச்சு இது என்று இன்னொரு தரப்பு சொல்ல, நடுவில் இருந்தவர்கள் வாயைத் திறக்காமல் இருந்தார்கள். ஒப்புகைச் சீட்டு ஏழு விநாடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிறதே, அதை உள்ளே இருந்த ஏஜென்ட் எட்டிப் பார்த்திருப்பானோ என்று என்னிடம் ஒரு அம்மா கேட்டார். பார்க்க முடியாது என்று சொன்னேன். அவர் நம்பினாரா தெரியவில்லை. அவருடைய மகன் வேலை பார்க்கும் தறிக்கூடத்தின் முதலாளி ஒரு கட்சியின் பூத் ஏஜென்ட்.

இந்த நாட்களை ஊர் எப்படிக் கடந்தது? ஓட்டுப் போட்ட மறுநாள் விடியற்காலை மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கினார். அந்த ஆற்றுக்குத் தண்ணீர் போவது எங்கள் வைகை அணையிலிருந்து. இரண்டு நாள் முன்பு வரை கொடி கட்டி ஓடிய அதே வேன்களில் கொடியைக் கழற்றிவிட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்கள் கட்சி பார்த்து வேன் ஏறவில்லை, இடம் கிடைத்த வேனில் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு செய்முறைக் காலம். சித்திரை, வைகாசியில் ஆண்டிபட்டியில் மண்டபம் கிடைப்பது கஷ்டம். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை என்று ஒரே நாளில் மூன்று பத்திரிகை வீட்டில் கிடக்கும். அந்த மே மாதம் நான் போன ஒரு காதுகுத்தில் வாசல் பிளெக்ஸில் எந்தத் தலைவர் படமும் இல்லை. இந்தப் பகுதியில் அது வழக்கமே இல்லை. தலைவர்கள் மேலே வரிசையாகச் சிரிக்க, பிள்ளையின் படம் நடுவில், தாய்மாமன்கள் கீழே கைகூப்பி நிற்பதுதான் முறை. பிள்ளையின் அப்பா ஒரு கட்சி, தாய்மாமன் இன்னொரு கட்சி. ஒருவர் தலைவரைப் போட்டால் மற்றவர் மண்டபத்துக்குள் வரமாட்டார். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. அதனால் கருப்பசாமி படம் மட்டும் போட்டிருந்தார்கள்.

மொய் மேஜையில் மூன்று பேர். ஒருவர் கம்ப்யூட்டரில் தட்டுகிறார், ஒருவர் பணத்தை எண்ணுகிறார், ஒருவர் பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிராமல் உட்கார்ந்திருக்கிறார். ஊர், பெயர், அப்பா பெயர், தொழில், தொகை. சத்தமாக ஒருமுறை வாசித்துவிட்டு ரசீதைக் கிழித்துத் தருகிறார்கள். ஏப்ரலில் நடுத்தெருவில் சட்டையைப் பிடித்துக்கொண்ட இருவரில் ஒருவர் என் முன்னால் நின்றார். மற்றவர்தான் பணம் எண்ணிக்கொண்டிருந்தார். முகம் பார்க்கவில்லை. "ரெண்டாயிரத்து ஒண்ணு" என்றார் வந்தவர். எண்ணியவர் ஒரு நொடி நிறுத்தி, "போன தடவை நான் ஆயிரத்து ஒண்ணுதான மாப்ள செஞ்சேன்" என்றார். "இருக்கட்டும் மாமா, எழுதுங்க." இதுதான் அவர்களுக்குள் அன்று நடந்த பேச்சு. மன்னிப்பு கேட்கவில்லை, கை குலுக்கவில்லை. ஆனால் ஆயிரம் ரூபாய் கூடுதலாக நின்றுவிட்டது. அதைத் திருப்பிச் செய்ய எண்ணியவர் அவர் வீட்டு விசேஷத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். போகாவிட்டால் ஊர் கேட்கும்.

செய்முறையை வட்டியில்லாக் கடன் என்று சொல்லிப் பலர் கேலி செய்கிறார்கள். குடும்பங்கள் இதில் நொந்து போவதும் உண்மை. ஆனால் பேச்சு நின்றுபோன இரண்டு வீடுகளுக்கு இடையே பாக்கி என்று ஒன்று இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று அந்தக் கோடையில் எனக்குத் தெரிந்தது. கேதம் இன்னும் வலுவானது. சாவுக்குப் போகாமல் இருப்பதற்குக் கட்சி ஒரு காரணமாக இங்கே இன்னும் ஆகவில்லை. சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் கூலி ஒப்பந்தம் முடிந்து விசைத்தறிகள் நிற்கும்போது, பந்தலில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளிகள் மூன்று கட்சிக்காரர்களாகவும் இருப்பார்கள், எதிரே முதலாளிகளும் அப்படியே. கூலி உயர்வுக்குக் கொடி நிறம் கிடையாது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் குமுளி எல்லை மூடிக் கிடந்ததையும், ஏலத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் மலைப்பாதையில் இறங்கி ஓடிவந்ததையும் கம்பம் பள்ளத்தாக்கு மறக்கவில்லை. மறக்காமலேதான், வழி திறந்ததும் விடியுமுன் ஜீப் பிடித்து ஏலக்காய் எடுக்கப் போனார்கள். பயம் தீர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. தோட்டக்காரருக்கு ஆள் வேண்டும், இவர்களுக்குக் கூலி வேண்டும், இரண்டு பேருக்கும் பயத்தோடுதான் அடுத்த நாள் தொடங்கியது.

மே 23 வந்தது. நாட்டில் பா.ஜ.க. 303 இடங்களோடு மறுபடியும் ஆட்சி. தமிழ்நாட்டில் அதற்கு நேர்மாறு: தேர்தல் நடந்த 38 தொகுதிகளில் 37 தி.மு.க. கூட்டணிக்கு. அந்தக் கூட்டணி தோற்ற ஒரே தொகுதி தேனி. ரவீந்திரநாத் குமார் 76,000க்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். அதே நாள், அதே சாவடிகள், ஆனால் ஆண்டிபட்டி சட்டமன்றத் தொகுதியும் பக்கத்துப் பெரியகுளமும் தி.மு.க.வுக்குப் போயின. தம்பியை அண்ணன் ஏறக்குறைய 12,000 ஓட்டில் வென்றார். மாநிலம் முழுக்க நடந்த 22 இடைத்தேர்தல்களில் 9 இடங்கள் கிடைத்ததால் அ.தி.மு.க. ஆட்சி கவிழாமல் நின்றது.

அன்று மாலை ஆண்டிபட்டியில் வெடி வாங்கியவர்கள் யாருக்கு வெடிப்பது என்று திகைத்திருப்பார்கள். டெல்லியில் ஜெயித்தவர், சென்னையில் பிழைத்தவர், தேனியில் ஜெயித்தவர், ஆண்டிபட்டியில் ஜெயித்தவர் என்று இரண்டு பெரிய கூட்டணிக்காரருக்கும் கொண்டாட ஒன்று இருந்தது, துக்கப்பட ஒன்று இருந்தது. எவரும் முழுதாக ஜெயிக்காததால் எவரும் முழுதாக மிரட்டவும் முடியவில்லை. ஜனங்கள் திட்டம் போட்டு இப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரே மனிதன் இரண்டு பொத்தானை இரண்டு காரணத்துக்காக அழுத்த முடியும் என்பதை அந்த முடிவு காட்டியது. 'அவன் அந்தக் கட்சிக்காரன்' என்று 35 நாள் சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்த 'அவன்' எத்தனை பேர் அரை ஓட்டு இங்கே, அரை ஓட்டு அங்கே என்று போட்டிருக்கிறார்கள்!

இதுவரை சொன்னது சொந்தபந்தம் உள்ளவர்களின் கதை. இங்கே நிறுத்தினால் நான் பொய் சொன்னவனாவேன்.

செய்முறை நோட்டு எல்லாத் தெருவுக்கும் போவதில்லை. மாமா, மாப்பிள்ளை, பங்காளி என்று ஓடும் கயிறு ஒரு எல்லையில் நின்றுவிடுகிறது. காலனித் தெருவில் இருப்பவருக்கு மேலத்தெருக்காரர் மொய் பாக்கி வைத்திருப்பதில்லை. 'தேர்தல் முடிஞ்சா எல்லாம் ஒண்ணு' என்ற வசனத்தைச் சொல்வது யார் என்று கவனியுங்கள். தோற்றாலும் தன் வீட்டுக்கூரைக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்தவர்கள்தான் அதை அவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள். நாங்கள் வரிசையில் நின்ற அதே ஏப்ரல் 18ஆம் தேதி, அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் வீடுகள் தாக்கப்பட்டன. சிதம்பரம் தொகுதியில் தொல்.திருமாவளவனின் சின்னம் பானை. அந்தப் பானையைத் தெருவில் போட்டு உடைத்ததில் தொடங்கி வீடுகளில் முடிந்தது. அவர் 3,219 ஓட்டில் வென்றார் என்ற செய்தி வந்த நாளில் அந்தத் தெருவில் மகிழ்ச்சியோடு கூடவே என்ன பயம் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தொலைவில் போக வேண்டியதில்லை. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டிப் பக்கம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகள் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. பத்து ஆண்டுகள் அங்கே ஒன்று மனு போட ஆள் வரவில்லை, அல்லது ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்தார். மேலூர் பக்கம் மேலவளவில், துணிந்து தலைவரான முருகேசனையும் கூட இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அது தெரிந்த பிறகு யார் மனு போடுவார்? 2006 அக்டோபரில்தான் அந்த ஊர்களில் தேர்தல் ஒழுங்காக நடந்து தலைவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள். மாவட்ட ஆட்சியர் த.உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய் இரு தரப்போடும் உட்கார்ந்து பேசினார், அரசு பின்னால் நின்றது. காதுகுத்தும் கேதமும் பத்து வருடமாகச் செய்யாததை அங்கே அரசும் சட்டமும் வந்துதான் செய்ய வேண்டியிருந்தது. உறவு தீர்க்கும் பயம் ஒன்று, உறவே இல்லாத இடத்தில் இருக்கும் பயம் வேறு.

இந்த இரண்டாவது பயத்துக்கு நான் ஒரே ஒரு மருந்தைத்தான் முழுதாக நம்புகிறேன், அது ஓட்டின் ரகசியம். அந்த ரகசியத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. வாக்குச்சீட்டு நாட்களில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்து பிறகு எண்ணும் முறை இருந்தது. எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று தெரியாது. இயந்திரம் வந்த பிறகு சாவடி சாவடியாக எண்ணுகிறோம். படிவம் 20 என்ற பெயரில் ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை என்ற பட்டியலை வெளியிடுகிறோம். ஒரு சாவடி என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு ஓட்டு. சில இடங்களில் ஒரு சாவடி என்பதே ஒரு தெரு, ஒரு சாதி. தனி ஆளின் ஓட்டு ரகசியம், தெருவின் ஓட்டு அம்பலம். தண்ணீர்க் குழாயையும் நூறு நாள் வேலையையும் தெருவுக்குத் தெரு வழங்கும் நாட்டில் இதற்கு மேல் என்ன வேண்டும்? அதே 2019 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் சுல்தான்பூரில் பா.ஜ.க. வேட்பாளர் மேனகா காந்தி மேடையிலேயே சொன்னார்: கிராமங்களை ஓட்டு விகிதத்தை வைத்து ஏ, பி, சி, டி என்று பிரிப்போம், வேலையும் அந்த வரிசையில்தான். மறைத்துச் செய்வதை அவர் உரக்கச் சொன்னார், அவ்வளவே.

இதைத் தடுக்க வழியும் இருக்கிறது. பல சாவடி இயந்திரங்களை ஒன்றாக இணைத்து மொத்தக் கூட்டலை மட்டும் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. 14 சாவடிகளை ஒரே கூட்டலுக்குள் கொண்டுவரலாம். 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. சாவடி வாரியாகத் தெரிந்தால்தான் கட்சிகள் தங்கள் வேலையைச் சரிசெய்துகொள்ள முடியும், முறைகேட்டைப் பிடிக்க முடியும் என்று சொல்கிறார்கள். முறைகேட்டைப் பிடிப்பது பற்றிய கவலை நியாயமானது, சாவடிக் கணக்கை நீதிமன்றக் கேள்விக்காக மூடிய உறையில் வைத்துக்கொள்ளலாம். கட்சிகளின் வசதி நியாயமில்லை. தோற்ற கட்சி அடுத்த முறை எந்தத் தெருவில் உழைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக, ஜெயித்த கட்சி எந்தத் தெருவை ஒதுக்க வேண்டும் என்றும் தெரிந்துகொள்கிறது.

2021இல் அதே அண்ணனும் தம்பியும் மறுபடியும் எதிரெதிரே நின்றார்கள், மறுபடியும் அண்ணனே வென்றார். 2024 மக்களவைத் தேர்தலில் தங்க தமிழ்ச்செல்வன் தி.மு.க. வேட்பாளர். அவரை எதிர்த்து நின்றவர் 2019இல் அவருடைய தலைவராக இருந்த டி.டி.வி.தினகரன். ஐந்து வருடத்தில் மேடைகள் இப்படி இடம் மாறிவிட்டன. அந்த ஏப்ரலில் துரோகி என்று சொல்லிச் சட்டையைப் பிடித்தவர்களில் சிலர் இந்தத் தேர்தலில் ஒரே ஜீப்பில் ஓட்டுக் கேட்டுப் போனார்கள். தலைவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். அவர்களுக்காகப் பேச்சை நிறுத்திய வீடுகளில் எத்தனை இன்னும் பேசாமல் இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரியாது.

2024 ஜூனில் முடிவு வந்த வாரம், மல்லிகைப் பூ மார்க்கெட்டில் பூ கட்டும் ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். காலனித் தெருக்காரர். தன் சாவடியில் யாருக்கு எத்தனை என்று கட்சிக்காரர்கள் செல்போனில் காட்டிவிட்டுப் போனார்கள் என்றார். "நீங்க ஒண்ணும் சொல்லலியா அக்கா" என்று கேட்டேன். நாரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "மொத்தமா எண்ணி யாரு ஜெயிச்சான்னு சொல்லுங்க, கேட்டுக்கிறோம். எங்க தெருவுல எத்தனன்னு எதுக்குத் தம்பி தனியா எண்ணணும்?"